முப்பத்தொண்ணாவது அத்தியாயம்

“புல் ஸ்டாப். புதுப் பத்தி,”ன்னு லூர்து அக்கா சொல்லுதாங்க. நான் புள்ளி வச்சு, ஒரு வரி விட்டு, பேனாவத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். மணி பன்னெண்டு அஞ்சு. இன்னும் ரெண்டு கேள்வி, அதுக்கப்புறம் பதினாறாவது கேள்வி. அந்தப் பதினாறாவது கேள்விய நான் காலைல முழுசா வாசிச்சுக் காட்டல. கண்ணு தெரியாத ஒரு மனுஷிக்குப் பரிச்சை எழுத வந்த எடத்துல கேள்வித்தாளையே மாத்தி வாசிச்சிருக்கேன், எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு. அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதணும், ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஸ்க்ரைப்னா அவ்வளவுதான் வேலை, கை மட்டும் போதும், மூளைய வீட்டுல வச்சுட்டு வந்துரலாம். வழக்கமா அக்காவுக்கு எழுதுத பிள்ளை ஒரு ப்ளஸ் டூ பிள்ளை. அதுக்கு அம்மை போட்டுருச்சு. நேத்து சாயங்காலம் டிபார்ட்மென்ட் மேடம் போன் பண்ணி, “முப்பிடாதி, நீ பி.ஏ.தான? லூர்துமேரி எம்.ஏ. கீழ் வகுப்புல படிக்கிற பிள்ளை எழுதலாம், ஒன்பதரைக்கு ஸுவாலஜி லேபுக்கு வந்துரு”ன்னாங்க. காச்சல்னு சொல்லிருக்கலாம், ஊருக்குப் போறேன்னு சொல்லிருக்கலாம். சரிங்க மேடம்னு சொல்லித் தொலைச்சேன். மத்த பிள்ளைகளுக்குப் பேச்சுச் சத்தம் இடைஞ்சல்னு எங்கள ரெண்டு பேரையும் இந்த லேப்ல தனியா உக்கார வச்சிருக்காங்க. சுத்திப் பாட்டில் பாட்டிலாப் பாம்பும் தவளையும், தொண்டைய அடைக்கிற மருந்து நெடி. வாசல் பக்கத்துல பால்ராஜ் சார் பேப்பர விரிச்சு வச்சுக் கண்ண மூடியிருக்காரு. பத்து மணிக்குத் தாளக் குடுத்ததும் நான் முழுசையும் வாசிச்சுக் காட்டணும், அது முறை. வாசிச்சுக்கிட்டே வந்தேன். பார்ட் சி, பதினாறு, கட்டாயக் கேள்வி, இருபது மார்க்கு. முப்பத்தொண்ணாவது அத்தியாயத்துல வருத தம்பியோட கடிதம் மார்த்தாவோட மனச எப்படி மாத்துது, விளக்குகன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருந்துது. நான் வாசிச்சது, மார்த்தாவோட மனசு எப்படி மாறுது, விளக்குக. அத்தியாயம் இல்ல, தம்பி இல்ல, கடிதம் இல்ல. வாய் தானாத் தாண்டிப் போயிருச்சு. தானாவா? பொய் சொல்லாத முப்பிடாதி. கண்ணு கடிதம்ங்கிற வார்த்தைல நின்னுச்சு, அதுக்கு அப்புறம்தான் தாண்டுன. அக்கா தலைய ஆட்டி, “சரி, அது கடைசில எழுதுவோம்”னாங்க.

“என்ன, தூங்கிட்டியா?” “இல்லக்கா, சொல்லுங்க.” அக்கா சொல்லுதாங்க, நான் எழுதுதேன். அக்காவோட இங்கிலீஷ் நிதானமா வரும், கமா எங்க, புள்ளி எங்க, எல்லாம் வாயால போட்டுக்கிட்டே வரும். வலது கை ஆள்காட்டி விரலு பெஞ்சுல மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும், என்னமோ அங்க எழுத்து இருக்கிற மாதிரி. இருபத்தாறு வயசு. பாளையங்கோட்டைல ஒரு வாடகை ரூம்ல இன்னும் ரெண்டு பிள்ளைகளோட இருக்காங்க, தானே சமைப்பாங்க, தானே பஸ் ஏறுவாங்க, யாராவது கையப் பிடிச்சு இழுத்தா, “நான் பிடிச்சுக்கிடுதேன், நீ பிடிக்காத”ம்பாங்க. ஜனவரில ஒரு நாளு என்கிட்ட, “ஏட்டி, யாருகிட்டயும் சொல்லாத, எனக்கு வேலை இருக்கு”ன்னாங்க. அவங்க படிச்ச பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தங்க மே மாசத்தோட ரிட்டயர் ஆகுதாங்களாம். தலைமை சிஸ்டர், “லூர்து, நீ எம்.ஏ. முடிச்சுட்டு வா, அந்த நாற்காலி உனக்குத்தான்”னு சொல்லிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. அரியர் விழுந்தா ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கையில வேற ஆளப் போட்டுருவாங்க, அவங்களுக்கும் பிள்ளைங்க படிப்பு முக்கியம்லா. மத்த பேப்பர் எல்லாம் அக்காவுக்குப் பிரச்சினை இல்ல. இந்த நாவல் பேப்பர்தான். அன்னைக்கு அக்கா முகத்துல இருந்த சிரிப்ப நான் பாத்தேன். அவங்களுக்குத் தெரியாது அவங்க அப்படிச் சிரிச்சாங்கன்னு. இப்போ அந்த நாற்காலி பதினாறாவது கேள்வியில தொங்குது, அந்தப் பதினாறாவது கேள்வி என்னோட பசியில தொங்குது. ஆமா, பசிதான். வேற பெரிய காரணம் இருந்தா நல்லா இருக்கும், ஒரு சாவு, ஒரு காச்சல், எதுவும் இல்ல. ஒரு வாரமா அக்கா என்கிட்டச் சரியாப் பேசல, பரிச்சைப் பயம்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த நாவல் இந்த வருஷம்தான் புதுசா வச்சது. கைடு வரல, கடைக்காரரு அடுத்த வருஷம் வரும்னுட்டாரு. லைப்ரரில ஒரே ஒரு காப்பி, பழுப்பு ஏறி, எறும்பு ஊருத மாதிரி எழுத்து. கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க, பாதி வார்த்தை கொழகொழன்னு வந்துச்சு, மிஷினு அத வாசிக்கையில அக்கா, “வேண்டாம்ட்டீ, காது கூசுது”ன்னு நிறுத்திட்டாங்க. அப்பதான் மேடம் கிளாஸ்ல வந்து, “யாராவது வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுங்க, சேவைக்குச் சான்றிதழ் தருவோம்”னாங்க. சான்றிதழ்ன உடனே கையத் தூக்கினேன். வேலைக்குப் போறப்போ பைல்ல வைக்கலாம்லா. நவம்பர்ல இருந்து தெனமும் நாலு மணிக்கு மேல மாடில காலிக் கிளாஸ்ல உக்காந்து செல்போன்ல வாசிச்சேன். மொத்தம் நாப்பத்தாறு அத்தியாயம். மெழுகுவத்திப் பட்டறை வச்சிருந்த ஒருத்தரோட மக மார்த்தா, அவ தம்பி ஒருத்தன். பட்டறைல தீப்பிடிக்குது, தீ வச்சது தம்பி, பழி அக்கா மேல. அவன் வாயத் தொறக்காமக் கப்பல் ஏறிப் போயிருதான். பத்து வருஷம் இவ அந்த ஊர்ல தலை குனிஞ்சு தையல் தைக்கா. முப்பதாவது அத்தியாயத்துல அவன் திரும்பி வந்திருக்கான், நோயாளியா, பக்கத்து ஊர்ல கெடக்கான்னு ஆளு வந்து சொல்லுது. எனக்குத் தம்பி செத்து ரொம்ப நாளாச்சுன்னு மார்த்தா கதவச் சாத்திட்டு உக்காந்து அழுவா. அத வாசிக்கையில நானே நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சேன். பக்கத்தத் திருப்புனா முப்பத்தொண்ணாவது அத்தியாயம் முழுசும் ஒரே கடிதம், பத்தொம்பது பக்கம். கப்பல்காரன் பேச்சு, வார்த்தை எல்லாம் பாதி பாதியாக் கடிச்சுத் துப்புன மாதிரி, எப்படி வாயில சொல்லணும்னே தெரியல. மணி நாலு அம்பது. அஞ்சு பத்துக்கு அம்பாசமுத்திரம் பஸ்ஸு. மத்தியானம் நான் சாப்பிடல, டிபன்ல சோறு ஊசிப் போயிருந்துது. நாளைக்கு வாசிக்கலாம்னு பைய எடுத்தேன். மறுநாளு மாடிக்கு வந்து புஸ்தகத்தத் தொறந்தா அதே கடிதம், அதே பத்தொம்பது பக்கம். சீ போ, வெறும் கடிதம்தான, கடிதத்துல என்னத்த இருக்கப் போவுதுன்னு முப்பத்திரெண்டுல இருந்து ஆரம்பிச்சுட்டேன். அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. பைல் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுத்தான் அக்காவுக்கு அனுப்பணும். முப்பது, முப்பத்திரெண்டுன்னு அனுப்புனா கேப்பாங்க. அதனால முப்பத்திரெண்டுக்கு முப்பத்தொண்ணுன்னு பேரு வச்சேன், வாசிக்கையில தொடக்கத்துலயும் அந்த நம்பரத்தான் சொன்னேன், அப்படியே கடைசி வரைக்கும் ஒண்ணொண்ணாக் குறைச்சு, கடைசி அத்தியாயத்த மட்டும் ரெண்டா வெட்டி நாப்பத்தாறாக் கணக்கு நேராக்கிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பாரு. வாசிக்கிற நேரத்த விட அதுக்குத்தான் ரொம்ப யோசிச்சிருப்பேன்.

“பதினஞ்சு முடிஞ்சுதா? இல்ல, இன்னும் ஒரு பத்தி இருக்கு, எழுது.” எழுதுதேன். என் கை அழகா எழுதுது, கழுத, அதுக்கு ஒரு வெக்கமும் இல்ல. இங்கிலீஷ் படின்னு சொன்னது எங்க மாமா. “கணக்கு எடுத்தா டீச்சர் ஆகலாம், இங்கிலீஷ் எடுத்தா என்ன வேணும்னாலும் ஆகலாம்”னாரு. அப்பா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு, நாளெல்லாம் மைக்குல ஊர் பேரு சொல்லுத மனுஷன், “மவ மைக் இல்லாமப் பேசி சம்பாதிக்கட்டும்”னு சேத்துவிட்டாரு. மொத வருஷம் கிளாஸ்ல எழுந்து நின்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். கவிதை, நாடகம்னு நடத்துவாங்க, கைடப் பாத்து மனப்பாடம் பண்ணி எழுதுவோம். மூணு வருஷத்துல ஒரு மூலப் புஸ்தகத்தக்கூட முழுசாப் படிக்காம பாஸானவங்கதான் எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேரு, நானும்தான். நான் மொத மொதல்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரை படிச்ச நாவல் அக்காவுக்காக வாசிச்சது, அதுலயும் ஓட்டை. போன மாசம் கேம்பஸுக்கு ஒரு கம்பெனி வந்துச்சு, சென்னைல போன்ல பேசுத வேலை. ஒரு பத்தியக் குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. நான் வாசிச்சேன். இன்டர்வியூ எடுத்த அம்மா நிமிந்து பாத்து, “எங்க பழகுன இப்படி வாசிக்க?”ன்னு கேட்டா. நாலு மாசம் காலிக் கிளாஸ்ல உக்காந்து அக்கா காதுக்குப் புரியணும்னு நிறுத்தி நிறுத்தி வாசிச்ச பழக்கம், வேற என்ன. அக்காவே சொல்லிக் குடுத்தாங்க, “அவசரப்படாத, வாக்கியம் முடியுத எடத்துல மூச்சு விடு, பயந்தா வேகம் கூடும்”னு. அன்னைக்கு எடுத்த பதினோரு பேருல நானும் ஒருத்தி. ஆர்டர் வீட்டுல சாமி படத்துக்குக் கீழ இருக்கு. எனக்கு வேலை குடுத்தது அக்காவோட காது. அந்தக் காதத்தான் ஏமாத்தினேன். இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? அம்மாகிட்டச் சொன்னா, “ஒரு அத்தியாயம்தான விடு”ம்பா. அப்படிச் சொல்லிருவாளோன்னுதான் சொல்லல.

பன்னெண்டே முக்கால். அக்கா கைக்கடிகாரத்தோட மூடியத் தொறந்து முள்ளத் தடவிப் பாக்காங்க. கூடுதலா ஒரு மணி நேரம் உண்டு, ரெண்டு மணி வரைக்கும் எழுதலாம். பேசாம நானே எழுதிட்டா என்ன? அக்கா ஒண்ணு சொல்லட்டும், நான் கடிதத்தப் பத்தி ரெண்டு பத்தி சேத்து எழுதிருதேன், யாருக்குத் தெரியும், சாரு தூங்குதாரு. எழுது பாப்போம், எழுது. என்ன எழுதுவ? அந்தக் கடிதத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? மொத வரி தெரியும், அன்புள்ள அக்காவுக்கு. அதுக்கு மேல நீ படிச்சியா? படிக்கல. அத்தன நாளு புஸ்தகம் உன் பைல கெடந்துச்சே, பஸ்ல ஒன்றரை மணி நேரம் ஜன்னலப் பாத்துக்கிட்டுத்தான போன, ஒரு நாளாவது பிரிச்சியா? இப்போ நல்லவளா ஆகணும்னா, நல்லது பண்ணக்கூட உனக்குச் சரக்கு இல்ல. அப்படின்னா இன்னொரு வழி, காலைல வாசிச்ச மாதிரியே இப்பவும் வாசிச்சிரு. மார்த்தாவோட மனசு எப்படி மாறுது. அக்கா அவங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுவாங்க, நாலு மார்க்கோ அஞ்சு மார்க்கோ விழும், மத்த கேள்வில தேறிட்டா தேறுனது. தேறலன்னா? ஜூன்ல வேற யாரோ அந்த நாற்காலில உக்காருவாங்க. அக்கா, “சரி விடு, எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்”ம்பாங்க. நான் சென்னைல காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு யாருக்கோ வணக்கம் சொல்லிக்கிட்டு இருப்பேன். உண்மைய வாசிச்சா? அக்கா உடனே கேப்பாங்க, எந்தக் கடிதம்னு. நான் சொல்லணும். இந்தப் பாம்புங்க முன்னால, சாரு முன்னால சொல்லணும். பேசுனதுக்குப் பரிச்சையையே நிறுத்திட்டாங்கன்னா? காப்பி அடிக்காங்கன்னு எழுதிட்டாங்கன்னா? பேனாவுல மை தீந்துரணும், கரண்டு போயிரணும், எனக்கு மயக்கம் வந்துரணும். ஒண்ணும் நடக்க மாட்டேங்குது, தலைக்கு மேல பேன் மட்டும் கடகடன்னு சுத்துது. சொல்லிரு, சொல்லாத, சொல்லிரு. 

“முடிஞ்சுது. பதினாற வாசி,”ன்னு அக்கா இடது கைய விரிச்சு மடியில வச்சுக்கிட்டாங்க. நான் தாளத் தூக்குதேன். எழுத்து எல்லாம் நல்லா தெரியுது. ஒரு தடவ மனசுக்குள்ளயே வாசிச்சுப் பாக்கேன். “ஏட்டி?” “வாசிக்கேன்க்கா.” வாசிச்சேன். முப்பத்தொண்ணாவது அத்தியாயத்துல வருத தம்பியோட கடிதம்னு ஆரம்பிச்சு விளக்குக வரைக்கும், ஒரு வார்த்தை விடாம, வாக்கியம் முடியுத எடத்துல மூச்சு விட்டு. பெஞ்சுல ஓடிக்கிட்டு இருந்த விரலு நின்னு போச்சு. “காலைல இப்படி வாசிக்கலையே.” “இல்லக்கா.” “கடிதமா? கடிதமே கெடையாதே அதுல. முப்பத்தொண்ணுல மார்த்தா வண்டில போவால்லா?” “அது முப்பத்திரெண்டுக்கா. முப்பத்தொண்ண நான் வாசிக்கல. விட்டுட்டு நம்பர மாத்திட்டேன்.” சொல்லிட்டேன். எத்தன நாளு நெஞ்ச அரிச்சது, சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகல. பால்ராஜ் சார் பேப்பரு சரசரக்க நிமிந்தாரு. “என்னம்மா அங்க பேச்சு?” நான் விடைத்தாள் மேல தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அக்கா சத்தம் வந்த பக்கமாத் திரும்பி, “கேள்விய ரெண்டாவது தடவ வாசிக்கச் சொன்னேன் சார்”னாங்க, குரலு ஒரு நூலுகூட ஆடல. சாரு, “சரி சரி, எழுதுங்க”ன்னு மறுபடி சாஞ்சுட்டாரு. அக்கா என் பக்கம் குனிஞ்சு, உதடு மட்டும் அசைய, “அதுல என்னட்டீ இருக்கு?”ன்னாங்க. “தெரியாதுக்கா. நானும் படிக்கல.” அத மட்டும் எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அக்கா என்னய அறைஞ்சா நல்லா இருக்கும்னு இருந்துது. அக்கா நிமிந்து உக்காந்தாங்க. கடிகார மூடியத் தொறந்தாங்க, மூடினாங்க, திரும்பத் தொறந்தாங்க.

பத்து நிமிஷம் போயிருக்கும். “எழுது,”ன்னாங்க. எழுதுதேன். முப்பதாவது அத்தியாயத்துல மார்த்தா கதவச் சாத்துதா, கமா, அடுத்து அவளப் பாக்கையில அவ வண்டிக்குள்ள இருக்கா, புல் ஸ்டாப். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடிதம் வந்திருக்கு, புல் ஸ்டாப். இந்தத் தேர்வர் அந்தக் கடிதத்தக் கேட்டதில்லை, புல் ஸ்டாப். என் பேனா நின்னுச்சு. “எழுதிட்டியா?” “அக்கா, இது வேண்டாம்க்கா, திருத்துறவங்க...” “நான் சொல்லுதத எழுதத்தான நீ வந்திருக்க?” எழுதினேன். இந்தத் தேர்வர் அந்தக் கடிதத்தக் கேட்டதில்லை. என் கையெழுத்துல, நீல மையில, தெளிவா. எங்கயோ ஒரு ஊர்ல ஒரு வாத்தியாரு இத வாசிச்சுட்டு, படிக்கலன்னு சொல்லாம கேக்கலன்னு எழுதிருக்காளே, யாரு இதுன்னு நெத்தியச் சுருக்குவாரு. அக்கா நிறுத்தல. கடிதத்துக்கு முந்தி மார்த்தா எப்படி நடந்தா, பிந்தி எப்படி நடந்தா, வண்டில அவ கைல என்ன வச்சிருந்தா, யாருகிட்டயும் பேசாதவ வண்டிக்காரன்கிட்ட ஏன் மழை வருமான்னு கேட்டா, தம்பியப் பாத்ததும் மொத வார்த்தை ஏன் சாப்பிட்டியான்னு இருந்துது, அந்தக் கேள்விய அவ பத்து வருஷமா யாருகிட்டயும் கேட்டதில்லை, அப்படின்னா தம்பி அந்தக் கடிதத்துல மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டான், கஷ்டத்தச் சொல்லிருப்பான். ஒண்ணு விடாமச் சொல்லுதாங்க. நான் வாசிச்சதுதான் எல்லாம், என் வாயில வந்ததுதான், ஆனா நான் கவனிக்காதது எல்லாம் அக்காவுக்குள்ள உக்காந்திருக்கு. மழை வருமான்னு அவ கேட்டது எனக்கு ஞாபகமே இல்ல. மணிக்கட்டு வலிச்சு விரலு மரத்துப் போச்சு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, கடிதத்துல நிஜமாவே என்ன இருக்கோ. ஆனா மூணு வருஷம் இங்கிலீஷ் படிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதுல இன்னைக்குத்தான் ஒரு ஆளு ஒரு கதையப் படிக்கிறதப் பக்கத்துல இருந்து பாத்தேன். நாலரைப் பக்கம் ஆச்சு.

ரெண்டு மணிக்கு பால்ராஜ் சார் தாள வாங்கிட்டு ஒரு பாரத்த நீட்டுனாரு. தேர்வர் சொன்னதை மட்டுமே எழுதினேன், வேறு எந்த உதவியும் செய்யவில்லை என உறுதியளிக்கிறேன். கீழ நான் கையெழுத்துப் போடணும். வாசிச்சுப் பாத்தேன், அதுல ஒரு பொய்யும் இல்ல. போட்டேன். அக்கா மடக்குக் குச்சிய நீட்டிக்கிட்டு எனக்கு முன்னாடியே வராண்டாவுக்கு வந்துட்டாங்க. எப்பவும் என் முழங்கையப் பிடிச்சுக்கிடுவாங்க, இன்னைக்குப் பிடிக்கல. நான் ஒரு அடி பின்னால நடக்கேன், மாடிப்படி வருதுன்னு சொல்லலாமா கூடாதான்னுகூடத் தெரியல. படிக்கு முன்னால நின்னாங்க. “எத்தன பக்கம்?” “பத்தொம்பதுக்கா.” “எதுக்கு விட்ட?” “பசிச்சுதுக்கா.” அக்கா குச்சி நுனியால மொதப் படியத் தட்டிப் பாத்தாங்க. “சொல்லிருந்தா நான் ஒரு பன்னு வாங்கிக் குடுத்திருப்பேனே,”ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, சத்தம் வராம வாயப் பொத்திக்கிட்டேன், ஆனா அக்காகிட்ட அதெல்லாம் மறைக்க முடியாது. “அழாத. கேளு. முப்பதுல அழுதுக்கிட்டுக் கெடந்தவ, முப்பத்தொண்ணுல சிரிச்ச மொகமா வண்டில போறா. மூணு தடவ கேட்டேன்ட்டீ. திருப்பி முப்பதுல இருந்து கேட்டேன். ஏன் போறான்னு எனக்குப் புரியல. எல்லாத்தையும் கேட்டும் புரியலைன்னா என்ன அர்த்தம்? எனக்கு அந்த அளவுக்குப் புத்தி இல்லைன்னு நெனச்சேன். ஒரு கதை புரியாதவ பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பா? போன செவ்வாக்கிழமை சிஸ்டருக்குப் போன் பண்ணி, பாஸானாலும் நான் வரல, வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். பீஸ் கட்டியாச்சேன்னுதான் இன்னைக்கு எழுத வந்தேன்.”

பரிச்சையப் பத்தி, மார்க்கப் பத்தி, இந்த நாலு மணி நேரமா நான் பயந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல, நாற்காலி செவ்வாக்கிழமையே போயிருச்சு, அது நான் பாலிடெக்னிக் பஸ் ஸ்டாப்புல ஐஸ் தின்னுக்கிட்டு நின்ன ஏதோ ஒரு நேரத்துல போயிருக்கும். மன்னிச்சிருங்கக்கான்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்லல, அதச் சொன்னா அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லணும், அந்தப் பாரத்தையும் அவங்க தலைல ஏத்தவா? “நம்பர் சொல்லுங்கக்கா.” “எதுக்கு?” “சிஸ்டர் நம்பர்.” “வேண்டாம்ட்டீ, சொன்னது சொன்னதுதான்.” “சொல்லுங்கக்கா.” எனக்கே தெரியாத ஒரு குரலு அது. அக்கா தலையச் சாய்ச்சு அந்தக் குரலக் கேட்டாங்க, அப்புறம் ஒவ்வொரு எண்ணாச் சொன்னாங்க. பையில இருந்து போன எடுத்து ஆன் பண்ணி அமுக்குதேன். மணி அடிக்குது. “ஸ்பீக்கர்ல போடு,”ன்னாங்க அக்கா, “நானும் கேக்கணும்.” போட்டேன். “யாரு?”ன்னு ஒரு வயசான குரலு. “சிஸ்டர், என் பேரு முப்பிடாதி. லூர்து அக்காவுக்கு நாவல் வாசிச்சுக் குடுத்தது நான்தான். அதுல ஒரு அத்தியாயத்த வாசிக்காம விட்டுட்டு, நம்பர மாத்தி அவங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டேன். அவங்களுக்குப் புரியாமப் போனது அதனாலதான் சிஸ்டர். அவங்களுக்குப் புத்தி இல்லாம இல்ல.” அந்தப் பக்கம் எங்கயோ பிள்ளைங்க வெளையாடுத சத்தம் கேக்குது. அப்புறம் சிஸ்டர் மெதுவா, “திங்கக்கிழமை வேற ஒரு பிள்ளைய வரச் சொல்லியாச்சேம்மா. சரி, நான் அப்புறம் பேசுதேன்”னாங்க. அக்கா மொகத்தப் பாத்தேன். கண்ணு ரெண்டும் எங்கயோ இருக்கு, ஆனா உடம்பு முழுக்க அந்தப் போன் பக்கம் சாஞ்சிருக்கு.

“வச்சிராதீங்க சிஸ்டர்,”ன்னேன். “நான் இன்னும் முழுசாச் சொல்லி முடிக்கல, அக்கா இன்னைக்கு எழுதச் சொன்ன நாலரைப் பக்கம் பாக்கி இருக்கு.”